காலேஜ் பேச்சை மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் பாதி வீடுகளில் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேச்சு இருக்காது. இ-சேவை மையம் வைத்திருப்பதால் அந்த வீடுகள் எல்லாம் எப்படியும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், நடுவில் யாராவது ஒரு மாமா. மார்க்கு குறைந்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று வெளியில் சொல்வார்கள். சான்றிதழ் ஸ்கேன் ஆகிற நேரத்துக்குள் விஷயம் வெளியே வந்துவிடும், சண்டை காசைப் பற்றியது. வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

"படிக்கிற பிள்ளைகிட்ட கஷ்டத்தைச் சொல்லி மனசை ஏன் கெடுக்கணும்?" அப்பாக்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் இது. பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கிறது? பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்த அன்றைக்கு வீட்டில் குரல் எப்படி மாறும் என்று அதற்கு நன்றாகவே தெரியும். மாங்காய் சீசனும் காலேஜ் ஃபீஸும் ஒரே சமயத்தில் வந்து நிற்கிற மாவட்டங்கள் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். பெங்களூரா மாங்காய் என்ன விலைக்குப் போகும் என்று தெரிவதற்குள் ஃபீஸ் கட்டச் சொல்லிவிடுவார்கள். கஷ்டம் தெரிந்த பிள்ளைக்குத் தொகை மட்டும் தெரியவில்லை என்றால், ஒன்று தன் ஆசையைத் தானே வெட்டிக்கொள்ளும், இல்லை முடியாத இடத்தைக் கேட்டு அழும். முதலாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பர்கூர் என்ஜினீயரிங் கல்லூரியில் சீட் கிடைக்கிற கட் ஆஃப் வைத்துக்கொண்டு, "வேணாம்ணா, அப்பாவால முடியாது" என்று ஃபார்மே போடாமல் போகிற பிள்ளைகள் உண்டு. அது அரசுக் கல்லூரி என்பதுகூட வீட்டில் பேசப்பட்டிருக்காது.

அதனால் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷமே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். இவ்வளவு நம்மால் முடியும், இதற்கு மேல் போனால் கடன், கடன் என்றால் பேங்க் கடன்தான், வட்டிக்காரர் கிடையாது. அவ்வளவுதான். பிறகு பிள்ளை தேடுகிற தேடலே வேறு மாதிரி இருக்கும்.

கணக்குப் போடும்போது டியூஷன் ஃபீஸை மட்டும் பார்க்காதீர்கள். ரேங்க் பார்த்து அரசு சீட் ஒதுக்குகிற கவுன்சிலிங் வழியாகத் தனியார் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தால் 2017-இல் நிர்ணயித்த கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. கல்லூரியே நேரடியாகத் தருகிற மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, தர அங்கீகாரம் இருந்தால் 87,000. ஹாஸ்டல், மெஸ், பஸ் எல்லாம் இதற்கு வெளியே. பல வீடுகளில் குண்டு விழுவது இந்த இடத்தில்தான். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் தனியார் கல்லூரியில் 25,000 ரூபாய் குறையும், ஆனால் கவுன்சிலிங் வழியாக வந்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. இது தெரியாமல் அந்த 25,000-ஐக் கழித்துக் கணக்குப் போட்டு வருகிறவர்களை என்ன சொல்லித் தேற்றுவது?

கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இருக்கிற கல்லூரிகளை விளம்பரம் பார்த்தே நம் ஆட்கள் வரிசையாகச் சொல்வார்கள். பர்கூர் அரசு என்ஜினீயரிங் கல்லூரி 1994-இலிருந்து இருக்கிறது, தர்மபுரிக்குப் பக்கத்தில் செட்டிக்கரையில் 2013-இல் இன்னொன்று வந்தது. அரசு கலைக் கல்லூரி என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி போக வேண்டும் என்றுகூட இல்லை, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டியிலேயே உண்டு, எங்கள் ஊரில் பெண்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அங்கே டிகிரிக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வேறு வரும், பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். ஓசூர் கம்பெனி வேலைதான் குறி என்றால் பாலிடெக்னிக்கைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். டிப்ளமோ முடித்துவிட்டுப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சொந்தக்காரர் மத்தியில் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் சின்னதாக இருக்கும், அதுதான் பிரச்சினை.

இன்னொரு விஷயம், ப்ளஸ் ஒன்னுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளையை, நகையை அடகு வைத்து நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல். அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருஷத்துக்காகப் பள்ளி மாற்றினால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும், மாதம் 1,000 ரூபாயும் போகும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுவிட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை, அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். மேனேஜர் முதல் தடவை அலைய விடுவார், அது உண்மைதான். அதற்காகவும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

கவுன்சிலிங்கில் அநியாயத்துக்குப் பயப்படுகிற இடம் சாய்ஸ் கொடுப்பது, அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது. "பெரிய காலேஜை முதல்ல போட்டா, கிடைக்கிறதும் போயிடுமாமே" என்று கேட்பார்கள். போகாது. உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுப்பார்கள். மேலே போட்ட ஆசைக் கல்லூரி கிடைக்காததால் கீழே இருப்பது பறிபோவதில்லை. அதனால் உண்மையில் எது அதிகம் பிடிக்குமோ அதே வரிசையில் போடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போன வருஷங்களின் கட் ஆஃப் கல்லூரிவாரியாக, சாதிப் பிரிவுவாரியாகக் கவுன்சிலிங் தளத்திலேயே இருக்கிறது. அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு மாலை பார்த்தாலே, பெங்களூரு ஐ.டி.யில் இருக்கிற சித்தப்பா மகன் போனில் சொல்கிற அறிவுரைக்கு அவசியமே இருக்காது. அப்புறம், ரிஜிஸ்டர் செய்யும்போது தயவு செய்து வீட்டில் நிரந்தரமாக இருக்கிற நம்பரைக் கொடுங்கள். என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய், ராத்திரி பத்து மணிக்கு ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஊருக்குள் பைக்கில் வருகிற ஏஜென்ட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஒரு பைசா வேணாம் அக்கா, சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுங்க, சீட்டு உறுதி" என்பார்கள். பதற்றத்தில் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு நன்றாக எடுபடும். ஒரிஜினல் சான்றிதழ் ஒரு கல்லூரியில் மாட்டிக்கொண்டால், கவுன்சிலிங்கில் நல்ல இடம் வந்தாலும் கை கட்டிய நிலைதான். ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. கட்டிய பணத்துக்கும் அந்த 2018 அறிவிப்பிலேயே கணக்கு வைத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் சின்னப் பிடித்தம் போக முழுதும், அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன் பின் ஒன்றுமில்லை. விலகுவதை ஏஜென்ட்டிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, தேதி போட்டுச் சீல் வைத்த நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.