'வெறும் கல்தானே' என்பவர்களுக்கு

ஹம்பியில் நடந்த சாவி விவகாரம் குறித்து இரண்டு நாள்களாக நீங்கள் எழுதுவதை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விடுமுறையைக் கெடுத்தவன், பிள்ளையை நாலு பேர் முன் அவமானப்படுத்தியவன், தொல்லியல் துறையின் சம்பளமில்லாத காவலாளி. கடைசிப் பட்டத்தை மட்டும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

விட்டலர் கோயிலுக்குப் போகும் பழைய கடைவீதியில், கூரை இழந்து நிற்கும் தூண்களில் ஒன்றில், அந்தப் 'பிள்ளை' (என் தம்பி மகன், வயது பத்தொன்பது) கார்ச் சாவியால் பெயரைக் கீறியது. தடுத்தேன். "வெறும் கல்தானே, பெரியப்பா" என்றான். சற்றுத் தள்ளிக் கோயிலுக்குள் தேராக நிற்பதும் வெறும் கல்தான். அது 50 ரூபாய் நோட்டில் அச்சாகி அவனுடைய சட்டைப்பையிலேயே இருந்திருக்கும்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு தோற்ற பின், வென்ற படைகள் இடித்து எரித்த அதன் தலைநகரமான ஹம்பியில் ஒரு பெயர் என்ன கெடுத்துவிடும் என்று கேட்கிறார்கள். வீடு பற்றியெரிந்தவனிடம் போய், மிஞ்சிய ஒற்றைக் கதவை விறகுக்குக் கேட்பதைப் போன்ற கேள்வி இது. கல்வெட்டும் கீறல்தானே என்று இன்னொருவர் வாதிடுகிறார். கல்வெட்டில் கோயிலுக்கு விட்ட நிலமும் விளக்குக் கொடையும் இருக்கும். இவன் எழுதியதில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இதயக்குறி இருந்தது.

சட்டம் பேசுகிறேன் என்று சிரிப்பவர்களுக்கு: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதே ஹம்பியில் 2019இல் தூணைத் தள்ளிவிட்ட இளைஞர்களுக்குத் தலா 70,000 ரூபாய் அபராதம் விதித்த நீதிமன்றம், விழுந்ததை அவர்களைக் கொண்டே நிமிர்த்தி வைக்கச் செய்தது. நான் குரலை மட்டுமே உயர்த்தினேன். அதைக் குறைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு முறை மெதுவாகத்தான் சொன்னேன் என்பதை ஏன் ஒருவரும் குறிப்பிடவில்லை?

"நீ யோக்கியமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை. பத்து வயதில், அப்பா எங்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனபோது, ஒரு சுவரின் காரையில் என் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறினேன். சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன்; அப்படியே இருக்கிறது, சுற்றிலும் இன்னும் நூறு பெயர்களோடு. அந்தக் கூச்சத்தால்தான் கடைவீதியில் கத்தினேன் என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் "உன்னோடு இனி எந்த ஊருக்கும் வரமாட்டோம்" என்று என் தம்பி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மதங்க மலையில் சூரிய உதயம் பார்க்க அவனுக்காகவே ஒரு நாள் ஒதுக்கியிருந்தேன். அன்று காலை அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். செஞ்சியில் தரையில் கிடந்த ஆணியைத் தேடி எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். என் எழுத்துக்குக் கீழே, கோணலாக, அவனுடைய எழுத்தும் இருக்கிறது. படமெடுத்து வைத்திருக்கிறேன்; அவனுக்கு இன்னும் அனுப்பவில்லை.