முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பற்றி

நான் செய்த கேமை ஒரு தம்பி ஆடிக் காட்டிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே முழுதாகப் பார்த்தேன், கடைசி நான்கு நிமிடத்தை மட்டும் மூன்று முறை. அதனால் இனி யாரும் லிங்க் அனுப்ப வேண்டாம். அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீங்களும் கமெண்டில் எழுதாதீர்கள், அவர் சேனலுக்குப் போய்த் திட்டவும் வேண்டாம். ஆனால் இரண்டு நாளாக 'இதுக்கெல்லாமா வருத்தப்படுவீங்க' என்று கேட்கிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்லாமல் என்னால் அடுத்த வேலை பார்க்க முடியவில்லை.

அவர் என் கேமை லைவில் ஆடியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். அந்த வீடியோவில் விளம்பரம் வந்து அவருக்குப் பணம் கிடைத்தால் அது அவர் உழைப்பு. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். ஆடி முடித்து, கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது, 'ஒண்ணே முக்கால் மணி நேரம்கூட ஆகல, இப்ப பாருங்க மக்களே' என்று ரீஃபண்ட், அதாவது கொடுத்த காசைத் திரும்ப, எப்படி வாங்குவது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இது தப்பு என்கிறேன். அவ்வளவுதான்.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், கேம் விற்கும் ஸ்டீம் தளம் காரணம் பார்க்காமல் பணத்தைத் திருப்பித் தரும். 2015-இல் வந்த விதி. நல்ல விதி, நானே பயன்படுத்தியிருக்கிறேன். என் லேப்டாப்பில் நகரவே நகராத ஒரு கேமை இருபது நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தேன். என் கேம் வெளியான வாரத்தில் பழைய கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்குத் திரை கறுப்பாகவே நின்றபோது, 'ரீஃபண்ட் வாங்கிக்குங்க, சரி பண்ணிட்டுச் சொல்றேன்' என்று இதே பக்கத்தில் நான்தானே எழுதினேன்? ஓடவில்லை, பிடிக்கவில்லை, தெரியாமல் வாங்கிவிட்டேன், எதுவானாலும் திருப்பிக் கொடுங்கள். முடித்ததைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் கேமில் நீங்கள் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர். பதினான்கு பாத்திரம் வரும். கல்யாணச் சீருக்குக் குடம், காதுகுத்துக்குத் தட்டு, செத்துப்போன அம்மாவின் நினைவாகக் கோயிலுக்குக் கொடுக்கும் அண்டா. யாருக்கு யார் கொடுக்கிறார்கள், எதற்காக என்பதெல்லாம் வெட்டுகிற எழுத்திலிருந்தே தெரியவரும். என் அப்பா முப்பது வருடம் செய்த வேலை இது. வெட்டுவதற்கு முன்னால் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால்.

இந்தக் கேமில் எழுத்து ஒழுங்காக நிற்பதற்கு மட்டும் எட்டு மாதம் போனது. முதலில் எடுத்த எஞ்சினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) 'கொ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் எழுத்து சேமிக்கப்படும் வரிசை வேறு, திரையில் நிற்க வேண்டிய வரிசை வேறு. மாற்றி அடுக்கும் வேலையை அந்த எஞ்சின் செய்யாது. எழுத்து வெட்டுகிற கேமில் எழுத்தே உடைந்து நின்றால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பெயரையும் படமாக வரைந்து ஒட்டிப் பார்த்தேன். 2023 மார்ச்சில் கோடோ 4 என்ற வேறொரு எஞ்சின் வந்தது, அதில் தமிழ் சரியாக வந்தது. அதுவரை செய்ததை அப்படியே விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ராத்திரி திரையில் 'கொடிமலர்' என்ற பெயர் உடையாமல் நின்றதைப் பார்த்து அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, 'ரெண்டு மணி நேரத்துக்கு மேல போற மாதிரி பண்ணியிருக்கலாமே' என்கிறார்கள். பண்ணினேன். மூன்று மணி நேரம் ஓடும் ஒரு வடிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பாத்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடைத்தெருவில் நடக்க வேண்டும், டீ வாங்கிவர வேண்டும். ஆறு நண்பர்கள் ஆடினார்கள், நான்கு பேர் பாதியில் எழுந்துவிட்டார்கள். அவர்கள் எழுந்தது நியாயம். கதைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுதான் கேம் இருக்க வேண்டும். ரீஃபண்டுக்குப் பயந்து இருபது நிமிடம் சும்மா நடக்கவிட்டால், காசு கொடுத்து ஆடியவர்களின் இருபது நிமிடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே அர்த்தம்?

சின்னது என்றால் அரைகுறை என்று யார் சொன்னது? 2023-இல் வந்த 'வெண்பா'வை ஆடியிருப்பீர்கள். கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி ஊற்றுவது. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. அதை முடித்துவிட்டு எத்தனை பேர் இங்கே நெகிழ்ந்து எழுதினீர்கள்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாகக் கேம் செய்துகொண்டிருந்த ஒருவர் 'சம்மர் ஆஃப் 58' என்று ஒரு சின்னத் திகில் கேம் வெளியிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விமர்சனமெல்லாம் நல்லபடியாக வந்தும் ரீஃபண்ட் குவிந்தது. கேம் செய்வதைக் காலவரையில்லாமல் நிறுத்துகிறேன் என்று அறிவித்தார். அப்போது அதைப் படித்துவிட்டு அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

டெமோ கேட்பவர்களுக்கு: இருக்கிறது, மூன்று பாத்திரம் வரை இலவசம்.

'நீ மட்டும் யோக்கியமா, சின்ன வயசுல காப்பி சிடியிலதானே ஆடினே' என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னோடு படித்தவர். ஆமாம், ஆடினேன். பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து, யாரோ காப்பி அடித்துப் போட்டு வைத்ததை ஆடினேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா? ஒரிஜினல் விலை அப்பாவின் ஒரு வாரச் சம்பளம். சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதே கேம்களை ஒவ்வொன்றாக வாங்கினேன், சிலவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது போதாது என்றால் போதாதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசில்லாத பையன் ஒளிந்து ஆடுவதும், காசுள்ள ஒருவர் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வழி சொல்லிக்கொடுப்பதும் ஒன்றா? காசில்லை என்று எனக்கு எழுதியவர்களுக்குக் கேமை இலவசமாகத் திறக்கும் கீ அனுப்பியிருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தெரியும்.

'இருநூற்றைம்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?' அந்த இருநூற்றைம்பதில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. அது ஒப்புக்கொண்டு போனது, குறை சொல்லவில்லை. கேமை அங்கே வைப்பதற்கே 100 டாலர் கட்டினேன். 1,000 டாலர் வருமானம் வந்தால்தான் அது திரும்ப வரும், ரீஃபண்ட் ஆனது அந்தக் கணக்கில் சேராது. போன வாரம் அந்த ஆயிரத்தை நெருங்கியிருந்தேன்.

ஆனால் பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது பொய். போன வருடம் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்கார அம்மா என்ன வேலை என்று கேட்டார். கேம் செய்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. 'ரம்மியா தம்பி? எங்க தெருவுல ஒரு குடும்பமே அதுல போச்சு.' நான் விளக்கினேன், அவர் கேட்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. அவர்மேல் கோபமில்லை. அவர் கண்ணால் பார்த்தது அது. ஆனால் அடுத்த வீட்டில் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொன்னேன். செய்கிற வேலையின் பெயரைச் சொல்ல முடியாமல் வீடு பிடித்தேன். வெளியே இருப்பவர்களுக்கு நம் வேலை புரியவில்லை, சரி. கேம் ஆடுவதையே வேலையாக வைத்திருக்கும் ஒருவருக்குமா புரியாது?

ரீஃபண்ட் கேட்பவர்கள் எழுதும் குறிப்பை எங்களால் படிக்க முடியும். ஞாயிறுக்குப் பிறகு வந்ததில் ஒன்று: 'சூப்பர் கேம் அண்ணா, முடிச்சிட்டேன், அழுதுட்டேன்.' இதை எழுதியவர் கெட்டவர் இல்லை. இதனால் யாருக்காவது ஏதாவது ஆகும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அந்த வீடியோவை அப்பாவும் பார்த்தார். என் தங்கை போனில் காட்டியிருக்கிறாள், ரீஃபண்ட் என்றால் என்ன என்றும் சொல்லியிருக்கிறாள். அப்பா ராத்திரி என்னைக் கூப்பிட்டு, 'அந்தப் பையனுக்குப் பிடிக்கலையாப்பா?' என்று கேட்டார். கடைசி டம்ளர் வரும்போது அந்தத் தம்பி ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததையும்.

'பிடிச்சிருந்துச்சுப்பா' என்றேன்.

'அப்புறம் ஏன் திருப்பிக் குடுத்தான்?'