ருவாண்டா: எச்சரிக்கை வரவில்லை என்பது சரியல்ல

"1994-இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை யாரும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது, இன்றும் ஆப்பிரிக்காவில் மோதலை முன்னெச்சரிக்க ஓர் அமைப்பும் கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அந்த ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதியே, தலைநகர் கிகாலியில் இருந்த ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார். ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருக்கின்றன, கிகாலியில் உள்ள டுட்சி சிறுபான்மை இனத்தவரைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்ய உத்தரவு, 20 நிமிடத்தில் அவர்களில் 1000 பேர் வரை கொல்ல ஆட்கள் தயார் என்று ஆயுதக் குழுவுக்கு உள்ளிருந்தே ஒருவர் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. பதுக்கல் இடத்தைச் சோதனையிடப் போவதாகவும் எழுதினார். தலைமையகம் வேண்டாம் என்றது. ருவாண்டா அதிபர் ஹபியாரிமானாவிடம் தெரிவிக்கச் சொன்னது. ஆயுதம் சேர்த்ததே அவருடைய கட்சியின் இளைஞர் படைதான், அதுதான் கொடுமை. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது. அப்புறமாவது ஐ.நா. படை கூடியதா என்றால், ஏப்ரல் 21-இல் பாதுகாப்பு சபை அதைச் சுமார் 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. ஆக, குறை தகவலில் இல்லை.

அமைப்பு விஷயத்துக்கு வருவோம். கிழக்கு ஆப்பிரிக்காவின் இகாட் கூட்டமைப்பு 2002-இல் 'சீவார்ன்' என்ற முன்னெச்சரிக்கை அமைப்புக்கு ஒப்பந்தம் போட்டது. எல்லை தாண்டி நடக்கும் கால்நடைக் கொள்ளை, மேய்ச்சல் தகராறுகளைக் கவனிப்பதில்தான் அது ஆரம்பித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸுக்கும் தனியாக ஒன்று உண்டு.