சீருடை இல்லாத மகன்கள்

பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸ் பக்கம் போய் ஒரு போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்தால், சிலைக்கு முன்னால் கல்லில் இருக்கும் வரியைப் படியுங்கள். பிரான்சின் மற்ற ஊர்களில் 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' என்று இருக்கும். இங்கே பல ஊர்களில் 'எங்கள் இறந்தோருக்கு', அவ்வளவுதான். யாருக்காக என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

1871 முதல் 1918 வரை அது ஜெர்மனியின் மண். முதல் உலகப் போரில் அல்சாஸ்-லொரேன் ஆண்கள் ஏறத்தாழ 3,80,000 பேர் ஜெர்மன் படையில் இருந்தார்கள். போர் முடிந்ததும் ஊர் பிரான்சுக்குப் போய்விட்டது. பிரெஞ்சு வீரனை வடித்தால் பொய், ஜெர்மன் வீரனை வடிக்கவே முடியாது. அதனால்தான் இங்கே பல சின்னங்களில் வீரனுக்குப் பதில் அழும் தாய்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1936-இல் திறக்கப்பட்ட, சிற்பி திரிவியேயின் சிற்பத்தில் ஒரு தாய், சாகும் இரண்டு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். இருவர் உடம்பிலும் துணி இல்லை. சீருடை இருந்தால்தானே எந்த நாடு என்று தெரியும்! கைகள் மட்டும் கோத்திருக்கின்றன. அந்த நாட்டில் அதைவிட நேர்மையான போர்ச் சின்னம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த மௌனம் இரண்டாம் போருக்குச் சரிவரவில்லை. அல்சாஸை மீண்டும் பிடித்திருந்த ஜெர்மனியின் நாஜி நிர்வாகம் 1942 ஆகஸ்டில் கட்டாய ஆள்சேர்ப்பை அறிவித்தது. அல்சாஸ், லொரேனின் பகுதியான மோசேல் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,30,000 பேர் ஜெர்மன் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 'மால்க்ரே-நூ', அதாவது 'எங்கள் விருப்பத்தை மீறி' என்பது அவர்களுக்கு நிலைத்த பெயர். 1944-இல் பிரான்சின் ஓரதூர் கிராமத்தை மக்களோடு அழித்த நாஜிப் படைப்பிரிவிலும் அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். 1953-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தபோது, ஆதரித்து வாக்களித்தவர்களின் பெயர்களை ஓரதூர்க்காரர்கள் ஊர் வாசலில் எழுதி வைத்தார்கள். அல்சாஸுக்கு அது நீதி, ஓரதூருக்கு அவமானம்.

பிறகு பல பத்தாண்டுகள் இதைப் பேசவே தயங்கினார்கள். 2005-இல் அல்சாஸின் ஷிர்மெக் ஊரில் இதற்கென நினைவகம் திறந்ததெல்லாம் பெரிய மாற்றம். ஆனால் அங்கே பெயர்ச் சுவர் எழுப்பும் பேச்சு வந்ததும் பழைய சிக்கல் திரும்பியது. முகாமுக்கு நாடுகடத்தப்பட்டுச் செத்த யூதரின் பெயரும், ஜெர்மன் சீருடையில் செத்தவரின் பெயரும் ஒரே அகரவரிசையில் அடுத்தடுத்து வருவதா?

எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். ஒரு கிராமத்துக் கல்லில் முப்பது பெயர் இருந்தால், யார் எப்படிப் போனான் என்று ஊருக்கே தெரியும், அகரவரிசை போதும். ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள சுவரின் முன் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர், நாடுகடத்தப்பட்டவர், சுட்டுக் கொல்லப்பட்டவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி வெட்டியே ஆக வேண்டும். கல் கூடுதலாகும், செலவு கூடும். ஆகட்டும்.