இறங்காமல் மேலே போனதற்குத் திட்டு

போன மாதம் கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தேன். சக்கரம் வெளியே வந்துவிட்டது. கீழே ஆட்டோக்களின் மஞ்சள் கூரை தெரிகிறது, மொட்டை மாடிகளில் காயும் துணி தெரிகிறது. சரி, இன்னும் ரெண்டு நிமிஷத்தில் போனை ஆன் பண்ணிவிடலாம் என்று கையில் எடுத்த நேரம், இன்ஜின் உறும முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. விமானம் மறுபடி மேலே போகிறது. முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ரன்வேயை விட்டு விலகவில்லை என்று பைலட் மைக்கில் சொன்னார். பக்கத்து சீட்காரர் சமாதானமாகவில்லை. "எறக்கத் தெரியாதவன் கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான் சார்." இன்னொரு சுற்று சுற்றி இறங்க இருபது நிமிடம். அதுவரை திட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கோ அந்த பைலட்டைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

2024 ஜூன் 8 மும்பை வீடியோ பலருக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரம் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ரன்வேயின் மறுகோடியில் எழும்பப் போகிறது. அதே ரன்வேயில், பின்னாலேயே, இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ வந்து இறங்குகிறது. ஏ.டி.சி. (விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு மையம்) அனுமதியோடுதான் செய்தோம் என்று இரண்டு நிறுவனங்களும் சொல்லின. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணை தொடங்கி, அங்கே அனுமதி கொடுத்த கன்ட்ரோலரைப் பணியிலிருந்து விலக்கியது. இங்கே கமென்ட்டில் "அந்த ஆளை உள்ளே தூக்கிப் போடு" என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டோம். அந்த ஒற்றை ரன்வேயில் நெரிசல் நேரத்தில் அப்போது மணிக்கு 46 விமானங்கள் வரை ஏறி இறங்கின என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 78 வினாடிக்கு ஒன்று. டீ மாஸ்டர் ஒரு டீயை ஆற்றி நம் கையில் கொடுக்கும் நேரம்.

ஆள் யார் என்று கேட்பதில் நமக்கு இருக்கும் ஆர்வம், ஏன் எல்லாம் அந்த ஒரே ஆளின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று கேட்பதில் இல்லை. என் மனத்தாங்கல் இதுதான்.

1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையம். இருட்டிவிட்ட மாலை. டவரில் இருந்த பெண் கன்ட்ரோலர், ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்றை ரன்வேயின் நடுவில் ஒரு சந்திப்பில் ஏற்றிக் காத்திருக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வேறொரு விமானம் தவறுதலாக அலைவரிசையை மாற்றிக்கொண்டு காணாமல் போனது. அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சிறிய விமானம் புறப்படத் தயார் என்றது. அதன் பயண விவரம் உள்ள காகிதச் சீட்டு அவர் மேசைக்கு வந்து சேரவே இல்லை. அதைத் தேடுகிறார். இந்தச் சந்தடியில், ரன்வேயில் தாமே நிறுத்தி வைத்த விமானம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. வந்துகொண்டிருந்த போயிங் 737-ஐ அதே ரன்வேயில் இறங்கச் சொன்னார். முன்னால் நின்ற விமானத்தின் பின்விளக்கு ரன்வே விளக்கு வரிசையோடு கலந்துவிட்டதால் 737 பைலட்டுகளுக்கும் அது தெரியவில்லை. தரை ராடாரும் அன்று வேலை செய்யவில்லை. 35 பேர் இறந்தார்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிந்ததும், அந்த விமானத்தை ரன்வேயில் வைத்தது நான்தான் என்று மேற்பார்வையாளரிடம் அவரே சொல்லிவிட்டார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவரைக் கைகாட்டிவிட்டு ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடித்துவிடும்படி வேலைமுறையை அமைக்காத டவர் நிர்வாகத்தையே முதல் காரணமாக எழுதியது. முப்பது வருஷம் தாண்டியும் நம் டிவி விவாதங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

"அப்போ தப்பு பண்ணினவனை விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். குடித்துவிட்டு வந்தவரை, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு போன் நோண்டியவரை விட வேண்டாம். ஆனால் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை அணைத்தோமா என்று நெஞ்சு படபடக்கிற நாமெல்லாம் மறதிக்குத் தண்டனை கேட்பது வேடிக்கை. நூலிழையில் தப்பிய சம்பவத்தை வாய்விட்டுச் சொன்னால் வேலை போகும் என்றால், வீடியோவில் சிக்காத நாளில் யார் சொல்வார்?

ஜப்பானைப் பாருங்கள். 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். முந்தின நாள் நோட்டோவில் நிலநடுக்கம். நிவாரணப் பொருளோடு நீகாட்டாவுக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படை விமானத்திடம் கன்ட்ரோலர், "நம்பர் ஒன், சி5 காத்திருப்பு இடம் வரை போங்கள்" என்றார். புறப்படும் வரிசையில் நீங்கள் முதல், ரன்வேக்கு வெளியே நில்லுங்கள் என்று அர்த்தம். ரன்வேக்குள் போகலாம் என்று கேப்டன் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 40 வினாடி அந்த விமானம் ரன்வேயில் நின்றது. ஆபத்தைக் காட்டும் திரை டவரில் இருந்தது. அதில் ரன்வே மஞ்சளாகவும் விமானம் சிவப்பாகவும் மாறியது. ஆனால் சத்தம் எழுப்பாது. யாரும் கவனிக்கவில்லை. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 பயணிகள் விமானம் இறங்கி வந்து மோதியது. அதில் இருந்த 379 பேரும் பெட்டி பையை விட்டுவிட்டு இறங்கித் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

அங்கேயும் போலீஸ் விசாரணை உண்டு, ஆளைத் தேடும் பத்திரிகைகளும் உண்டு. ஆனால் அதற்காகக் காத்திருக்காமல், சில நாட்களிலேயே "நம்பர் ஒன்" என்று சொல்வதை நிறுத்திவைத்தார்கள். அந்தத் திரையை மட்டும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளையும் போட்டார்கள். திரை அதே திரைதான்.