ஒரு சாம்பிளால மட்டும் ஓடல
பாப் பாடகி மடோனாவோட 2005 டான்ஸ் ஆல்பம் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஹிட்டானதுக்கு ஆபா சாம்பிள் (ஆபாங்கிற ஸ்வீடன் குழுவோட பழைய பாட்டுலேர்ந்து எடுத்துப் போட்ட துண்டு) ஒண்ணுதான் காரணம்னு இந்தக் கட்டுரைல போட்டிருக்கு, அத என்னால ஒத்துக்கவே முடியல, ஏன்னா அந்த சாம்பிள் வர்றது ஹங் அப்ங்கிற ஒரே பாட்டுலதான், ஆல்பத்துல மொத்தம் 12 பாட்டு இருக்கு. ஆல்பத்தோட தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் ப்ரைஸ் லண்டன்ல தன்னோட வீட்டு மாடி ஸ்டுடியோல உக்காந்து, டிஜே செட் மாதிரி ஒரு பாட்டு முடியுறப்பவே அடுத்தது உள்ள வர்ற மாதிரி கோத்திருப்பார் பாருங்க, அதுதான் விஷயமே. நான் காலேஜ் படிக்கறப்ப ஃப்ரெண்டு தனித்தனி எம்பி3யா குடுத்தான், ஒவ்வொரு பாட்டும் பாதில வெட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு, பெருசா பிடிக்கல, அப்புறம் சிடில முதல்லேர்ந்து நிறுத்தாம கேட்டப்பதான் புரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவ முழுசா கேட்டேன். மேல கமெண்ட்ல ஒருத்தர் எல்லாம் ரேடியோ தள்ளுனதுங்கறார், அமெரிக்க ரேடியோ ஹங் அப் பாட்டை அவ்வளவா போடவே இல்லங்க. மடோனா லிஸ்பன்ல எம்டிவி ஐரோப்பா விருது மேடைல பெரிய டிஸ்கோ பந்துக்குள்ளேர்ந்து வந்து பாடுனாங்க, ஆல்பம் வந்த வாரம் பெரிய ஸ்டேடியத்த விட்டுட்டு லண்டன்ல கோகோ, ஜி-ஏ-ஒய்னு கிளப்லயே போய் பாடுனாங்க, டான்ஸ் ஆடுற ஜனங்ககிட்ட நேரா கொண்டுபோன அந்த ப்ரொமோஷனப் பத்தி கட்டுரைல ஒரு வரிகூட இல்ல.