கூடவே இருந்தவர்

(சேலம், செவ்வாய்ப்பேட்டை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், சட்னி வைத்துத் தரும் தட்டுவடை செட் வண்டி. ஸ்டெனோ அம்மா கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுத்து ஓய்வு பெற்றவர். கையில் தடிப்பாக ஒரு புத்தகம்.)

ஸ்டெனோ அம்மா: கூடவே இருந்து உப்பைத் தின்னுட்டு, வெளிய வந்ததும் எல்லாத்தையும் போட்டு உடைச்சிருக்கார் தம்பி.

வண்டிக்காரர்: உங்க காதுக்கும் வந்துருச்சுங்களா? எதிர்ல வண்டி போட்டப்பவே நினைச்சேன். பதினோரு வருஷம் என்கிட்ட கேரட் துருவினவன்மா அவன்!

அம்மா: கேரட்டா? நான் பிரதமர்கிட்ட வேலை பாத்தவரைச் சொல்றேன்.

வண்டிக்காரர்: பிரதமருக்கும் துருவ ஆள் உண்டுங்களா?

அம்மா: எம்.ஓ. மத்தாய். நேருகிட்ட 1946-ல சேர்ந்தார். 1959-ல வேலையை விட்டார். புத்தகம் வந்தது 1978-ல.

வண்டிக்காரர்: பத்தொன்பது வருஷம் ஊற வெச்சாருங்களா! எங்காளு பத்தொன்பது நாள் தாங்கல. நேரு ஒண்ணும் கேக்கலையாக்கும்?

அம்மா: நேரு போனது 1964-ல.

வண்டிக்காரர்: அப்ப தைரியமாத்தான் எழுதியிருப்பாரு.

அம்மா: இந்த மாதிரி புத்தகம் கைக்கு வந்தா, அட்டையைத் திருப்பின உடனே ரெண்டு தேதியைக் குறிச்சுக்கணும். ஆள் வேலையை விட்ட தேதி, புத்தகம் வந்த தேதி. நடுவுல யார் செத்தாங்க, யார் பதவி போச்சுன்னு பாக்கணும். 1978-ல இந்திரா காந்தியும் ஆட்சில இல்ல. சஞ்சய பாரு, மன்மோகன் சிங்குக்கு ஊடக ஆலோசகர், விலகினது 2008. புத்தகம் வந்தது 2014 ஏப்ரல். நாட்டுல ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க.

வண்டிக்காரர்: ஆடி நோம்பிக்கு முந்தின நாள் எதிர்ல வண்டி போட்டான் பாருங்க, அதே கணக்கு. சரி, அந்த மத்தாய் கேரட் துருவினவரா, சட்னி அரைச்சவரா?

அம்மா: புரியல.

வண்டிக்காரர்: துருவறவன் வண்டிக்கு வெளிய நிப்பான். சட்னி வீட்டுல அரைக்கறது. வெளிய நின்னவனுக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்?

அம்மா: (புத்தகத்தை மூடுகிறார். இந்த ஒரு கேள்வியைப் பேப்பரில் விமர்சனம் எழுதுகிறவர்களும் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.) அதேதான் தம்பி. சஞ்சய பாரு 2004-லேர்ந்து 2008 வரைக்கும் நடந்ததைச் சொன்னா கண்ணால பாத்தது. அதுக்கப்புறம் நடந்ததுன்னு சொன்னா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. புத்தகத்துல ரெண்டும் ஒரே எழுத்துல, ஒரே சைஸ்லதான் அச்சாகும். கோர்ட்டுல ரெண்டாவதைக் கேள்விச் சாட்சியம்னு ஓரமா வெச்சிருவாங்க.

வண்டிக்காரர்: அப்ப பாருவும் பாதி நாள் கேரட்தான்.

அம்மா: மத்தாய் புத்தகத்துல இன்னொரு வேடிக்கை. ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பு இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்ல. கடைசி நேரத்துல எழுதினவரே எடுத்துட்டார்னு பதிப்பாளர் ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கார். ஊர் அதிகமாப் பேசினது அந்த அத்தியாயத்தைத்தான்.

வண்டிக்காரர்: வடையில்லாத செட்டு! அதுக்கும் காசு வாங்கிட்டாங்களா?

அம்மா: அடுத்தது மேற்கோள் குறி. இருபது வருஷம் முன்னாடி தலைவர் பேசினதைக் கமா, புள்ளியோட எழுதியிருந்தா உஷாராயிடணும். அன்னைக்கே எழுதின குறிப்பு இருந்தா வேற. பழைய சாட்சியச் சட்டம் 159-ல, சாட்சி ஞாபகத்தைப் புதுப்பிச்சுக்கக் குறிப்பைப் பாக்கலாம். ஆனா அது நடந்த சமயத்துலயோ ஞாபகம் ஆறிப்போறதுக்கு முன்னாடியோ எழுதினதா இருக்கணும்.

வண்டிக்காரர்: சிலருக்கு ஞாபக சக்தி கூடுதலா இருக்கும்லங்க.

அம்மா: இருந்துச்சு, அமெரிக்காவுல. ஜான் டீன், அதிபர் நிக்சனோட வக்கீல். எதிர்க்கட்சி ஆபீஸ்ல ஆள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை மூடி மறைச்சாங்கன்னு 1973-ல 245 பக்க வாக்குமூலம் வாசிச்சார். டேப்ரெக்கார்டரை முழுங்கிட்டு வந்த ஆளுன்னு அசந்துட்டாங்க. அப்புறம் பாத்தா நிக்சன் ரூம்லயே நிஜமா டேப் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. உல்ரிக் நைசர்னு ஒரு மனவியல் பேராசிரியர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து 1981-ல எழுதினார். 1972 செப்டம்பர் 15 அன்னைக்கு நிக்சனோட பேசினதுல, டீன் சொன்ன வார்த்தை அநேகமா எதுவுமே டேப்புல இல்ல.

வண்டிக்காரர்: புளுகா!

அம்மா: இல்ல. மூடி மறைச்சாங்கன்னு சொன்னாரே, அது நிஜம். வார்த்தைதான் தப்பு. அதோட, நடந்ததைவிடத் தன்னைக் கொஞ்சம் நடுவுல நிக்க வெச்சுக்கிட்டார்.

வண்டிக்காரர்: எங்காளும் "நான்தான் அந்தக் கடையே"ன்னு சொல்றானாம். கேரட் துருவினவன்மா!

அம்மா: கோவத்துல எழுதினதெல்லாம் பொய்யும் இல்ல. அமெரிக்க அதிபர் ரீகன்கிட்ட டொனால்ட் ரீகன்னு தலைமை அலுவலர்...

வண்டிக்காரர்: ரெண்டும் ஒரே ஆளுங்களா?

அம்மா: தமிழ்ல எழுதினா ஒண்ணு, ஆள் வேற. 1987-ல வெளிய தள்ளிட்டாங்க. அடுத்த வருஷமே புத்தகம்: அதிபர் எப்போ எங்கே போகணும்னு அவர் சம்சாரம் ஜோசியக்காரம்மாகிட்ட கேட்டுத்தான் முடிவாகும், அதனால மேஜைமேல கலர் காலண்டர் வெச்சிருந்தேன். நல்ல நாளுக்குப் பச்சை, கெட்ட நாளுக்குச் சிவப்பு, ரெண்டுங்கெட்டானுக்கு மஞ்சள்.

வண்டிக்காரர்: வயித்தெரிச்சல்ல சொல்லியிருப்பான்.

அம்மா: எரிச்சல்தான். ஆனா மறு வருஷம் அதிபர் சம்சாரமே தன் புத்தகத்துல ஜோசியம் கேட்டதை ஒத்துக்கிட்டாங்க. அதான் துணைச் சாட்சி. அப்ரூவர் சொன்னாலும் முக்கியமான விஷயத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து ஆதாரம் வேணும். அதைத் தேடறதை விட்டுட்டு, "காசுக்கு எழுதினான்"னு அறிக்கை விட்டா ஆச்சா? காசுக்கு எழுதினதும் நிஜமா இருக்கலாமே. (சட்னியைத் தொடாமல் பார்க்கிறார்.) ஆமா, உங்காளு என்னதான் சொன்னான்?

வண்டிக்காரர்: துரோகிம்மா. அட்வான்ஸ் அஞ்சாயிரம் இன்னும் தரல.

அம்மா: சொன்னது என்ன?

வண்டிக்காரர்: ...சிவப்புச் சட்னில கலர் பொடின்னு. அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வெள்ளிக் கொலுசு எடுத்துக் குடுத்தேன்!

அம்மா: அரைக்கறப்ப அவன் பக்கத்துல இருந்தானா? கேரட் துருவினவன்தானே?

வண்டிக்காரர்: காலைல கேரட். சாயங்காலம் மிக்ஸி மூடியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னதே அவன்தாங்க!

அம்மா: அப்ப நேர்ல பாத்த சாட்சி.

வண்டிக்காரர்: அட்வான்ஸ் அஞ்சாயிரம்மா...

அம்மா: அடுத்த செட்டுக்குப் பச்சைச் சட்னி மட்டும் போடுங்க தம்பி.

வண்டிக்காரர்: ஏங்ம்மா, அதைப் பத்தியும் ஏதாச்சும் சொல்லிட்டானா?